நடுப்பார்வை

'பந்து இரண்டாகத் தெரிகிறது. முன்னால் ஓடுவது பந்து, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவது அதன் ஆவி. இதை இவருக்குச் சொல்லாமலே விட்டால் என்ன?'

நினைத்ததோடு சரி. பழகிய விரல் கேட்கவில்லை. சோபாவில் பக்கத்தில் கிடந்த கணவரின் கையை ஒரு முறை கிள்ளினாள். ஒரு கிள்ளு என்றால் நிழல். இரண்டு என்றால் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது. மூன்று என்றால் உருவம் கெட்டிருக்கிறது. நான்கு என்றால் குறையில்லை.

"பந்துக்குப் பின்னாடி நிழல் இழுக்குது," என்றார் அவர், காலை ஆட்டியபடி. "வேகமான காட்சியை வழவழன்னு காட்டறேன்னு உங்க மெஷின் நடுவுல தானா ஒரு படத்தைச் செருகுது. அந்தச் செருகல் சரியில்ல."

புரொஜெக்டரைக் கொண்டுவந்திருந்த கம்பெனிக்காரர் அசந்துபோனார். "சும்மாவா சார் உங்களைக் கழுகுன்னு சொல்றாங்க."

பத்திரிகையில் இருபது வருடமாக டிவிகளுக்கும் புரொஜெக்டர்களுக்கும் மதிப்பெண் போடுகிறவர். அந்தக் கழுகின் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய் இரண்டு வருடமாகிறது. ஓரப்பார்வையை வைத்து நடப்பார், தண்ணீர் எடுத்துக் குடிப்பார், யார்மீதும் இடிக்காமல் போவார். நேராக எதைப் பார்க்கிறாரோ அதுதான் தெரியாது. இது டாக்டரையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றோடு அவர் எழுத்து நின்றுவிடும்.

படத்தில் குறை பார்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஒன்றை அவள் கவனிக்காமல் விட்டால், "அது கண்ணா, புண்ணா?" என்பார். டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்று அதே கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். நல்ல மனத்தால் விழுங்கினாளா, வைத்திருந்து நிதானமாகத் தின்னலாம் என்றா, அவளுக்கே நிச்சயமில்லை.

"மேடமும் உங்ககூட எல்லாத்தையும் பார்ப்பாங்களா சார்?"

"இவளா? பட்டப்பகல்ல ஜன்னல் திரையை இழுத்து இருட்டாக்க ஒரு ஆள் வேணுமே, அதுக்கு. படம் தலைகீழா ஓடினாக்கூட யார் அழறாங்கன்னுதான் பார்ப்பா. மரமண்டை."

கம்பெனிக்காரர் முதலில் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு நிஜமாகவே சிரித்தார். அவளும் சிரித்தாள். பதினெட்டு வருடப் பழக்கம்.

அடுத்த காட்சியைப் போட்டார் கம்பெனிக்காரர். "இது பழைய வீடியோ சார், தீப்பெட்டி அளவு. அதை எங்க மெஷின் எட்டடிக்குப் பெருசாக்கியிருக்கு. மூஞ்சியைப் பாருங்க."

ஒரு பெண் படியிறங்கி வந்தாள். படிகளின் விளிம்பு ரம்பப் பல்லாக நெளிந்தது. முகம் மெழுகை வழித்துவிட்டது போல் இருந்தது. கண்ணோரச் சுருக்கம், மூக்கின் பக்கத்துக் கோடு, ஒன்றும் இல்லை. குழந்தைகூடச் சொல்லிவிடும்.

கணவரின் கை நகர்ந்து வந்து அவள் விரலருகே படுத்தது. காத்திருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க," என்றார். ஓடியது. "இன்னொரு தடவை."

மூன்றாவது முறையும் அந்தப் பெண் இறங்கி முடித்தாள். கம்பெனிக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "என்ன சார், மூஞ்சியைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

திரையின் வெளிச்சத்தில் கணவரின் கழுத்தில் வியர்வை மினுங்கியது. ஒவ்வொரு துளியும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அதைப் பார்ப்பது இவ்வளவு சுகமாக இருப்பது அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

அவர் அவள் காதுப்பக்கம் சாய்ந்தார். "சொல்லும்மா," என்றார் குரலே எழாமல். அந்த 'ம்மா' கல்யாணமான புதிதில் கேட்டது.

அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்க," என்றாள், கம்பெனிக்காரருக்கும் கேட்கும்படி, மெதுவாக.