காலி மனைக்கு எதிர் ஜன்னல்

ஜன்னலைக் கறுப்புத் தாளால் முழுக்க அடைத்துவிட்டு, நடுவில் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை போட்டால் போதும். வெளியே இருப்பதெல்லாம் எதிர்ச்சுவரில் வந்து விழும், தலைகீழாக. மாயம் ஒன்றும் இல்லை. வெளிச்சம் நேர்கோட்டில்தான் போகும். மரத்தின் உச்சியிலிருந்து கிளம்புவது ஓட்டை வழியாக இறங்கிச் சுவரின் அடியைத் தொடுகிறது; அடிமரத்திலிருந்து வருவது ஏறி மேலே போகிறது. அவ்வளவுதான்.

இதைத்தான் நானும் என் வீட்டுக்காரரும் ஊர் ஊராகப் போய்ச் செய்துகொண்டிருந்தோம். அவர் தாள் ஒட்டுவார். விடுதி அறையின் சுவரில் வந்து விழும் மலையை, கட்டிலும் தலையணையும் சேர நான் படம் எடுப்பேன். கண்காட்சிக்கு வருகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள்.

ஒரு மலை வளைவில் வண்டி உருண்டது. அவருடைய கழுத்தெலும்பு நொறுங்கியது. பேச்சும் கண்ணும் மட்டும் தப்பின. மற்றதெல்லாம் படுக்கையோடு போயிற்று.

போக முடியாவிட்டால் என்ன, வெளியை உள்ளே கொண்டுவருவோம் என்றுதான் இந்த வீட்டுக்கு வந்தோம். மூன்றாவது மாடி. எதிரே காலி மனை, அதற்கப்பால் சாலை, ஒரு பள்ளிக்கூடம், நிறைய வானம். வேறு யாராக இருந்தாலும் அந்த மனையில் என்ன வரப்போகிறது என்று விசாரித்திருப்பார்கள். நாங்கள் வெளிச்சத்துக்குத் தடை இல்லை என்று சந்தோஷப்பட்டோம்.

கட்டிலைச் சுவர் பார்த்துப் போட்டேன். காலையில் பள்ளிப் பிள்ளைகள் சுவரின் உச்சியில் தலைகீழாக நடந்து போவார்கள். கீழே, கட்டிலின் கால்மாட்டுப் பக்கம், மேகம் நகரும். அதைப் பார்த்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

பிறகு மனையில் பள்ளம் தோண்டினார்கள்.

"இங்க பாரேன், வவ்வால் மாதிரி தொங்கிக்கிட்டே சிமெண்ட் பூசுறான்," என்று படுத்தபடியே அவர் சிரித்தார். தூண்கள் சுவரின் மேலிருந்து கீழ்நோக்கி வளர்ந்தன. ஒவ்வொரு தளமும் வானத்தில் ஒரு துண்டைத் தின்றது.

கீழே போய் மேஸ்திரியைக் கேட்டேன்.

"எத்தனை மாடிங்க?"

"ஆறுக்கா."

"எங்க வீட்டு வெளிச்சம் போகுதே."

"பகல்லயும் லைட் போட்டுக்கோங்கக்கா, என்ன செய்ய."

அவரைக் கையோடு மாடிக்கு அழைத்துவந்தேன். இருட்டு பழகியதும் அவருக்கு வாய் பிளந்துவிட்டது. "அட, நம்ம பய! பீடி பிடிக்கிறான் பாருக்கா, வேலை நேரத்துல!" அப்புறம் கட்டிலைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. "நான் இல்லைன்னா இன்னொருத்தன் கட்டுவான் சார்," என்றார், யாரும் கேட்காமலே.

"நீங்களே கட்டுங்க. சுவர் நேரா வருது," என்றார் இவர்.

ஓட்டையை ஜன்னலின் மேல்விளிம்புக்கு மாற்றினேன். ஓட்டை ஏறினால் படமும் ஏறும். ஒரு சாண் வானம் கால்மாட்டுப் பலகைக்கு மேலே வந்தது. அடுத்த தளம் அதையும் எடுத்துக்கொண்டது. பச்சை வலை கட்டினார்கள், படம் மங்கியது. ஓட்டையைப் பெரிதாக்கினேன். பெரிய ஓட்டையில் வெளிச்சம் கூடும், ஆனால் கோடுகள் கரைந்துவிடும். வலையும் ஆட்களும் ஒரே பாசியாகத் தெரிந்தார்கள். வெளியே சாய்வாகக் கண்ணாடி பொருத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுவர்தான் கிடைத்தது. இன்னொரு அறை இருக்கிறது. அதன் ஜன்னலும் அந்தச் சுவரைத்தான் பார்க்கிறது.

கடைசியாகப் பழைய ப்ரொஜெக்டரை எடுத்து, நாங்கள் போன மலையைச் சுவரில் போட்டேன். பளிச்சென்று, நேராக. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மேகம் அங்கேயே நிக்குதேம்மா."

அணைத்தேன்.

ஆறாவது தளத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டியும் வந்துவிட்டது. வலையைப் பிரித்து, எங்களைப் பார்த்த கட்டடச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். இப்போது எங்கள் சுவரில் விழுவது வெறும் வெள்ளை. அது கூர்மையாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது.

"தாளைக் கிழிச்சிடு," என்றார்.

"ஓட்டையில வைக்க லென்ஸ் ஒண்ணு இருக்குங்க. நாளைக்குப் பார்க்கிறேன்."

"எதுக்கு? காத்தாவது வரட்டும்."

கிழித்தேன். அறை வெளுத்தது. திறந்த ஜன்னலில் படம் விழாமல் போவதில்லை. ஜன்னலின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஓட்டைதான்; ஒவ்வொன்றும் தன் படத்தைச் சுவரில் போடத்தான் செய்கிறது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் எதுவும் தெரிவதில்லை. அதைத்தான் பகல் வெளிச்சம் என்கிறோம். இதை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும்மா," என்றார். அவர் கண்கள் சுவரின் மேல்மூலையில் இருந்தன. பள்ளி விடும் நேரம். வெளியே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. நான் கட்டிலைத் திருப்பட்டுமா என்று கேட்க வாயெடுத்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன்.