கொக்குத்தாங்கல்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க நஃபீசாவுக்கு வராது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கும் தங்கை ரூக்சார் அனுப்பிய படங்களை அப்பார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் தூக்கிப் போட்டாள். அவ்வளவுதான், வேலை தலையில் வந்து விழுந்தது.

அங்கே நூங்கார் என்று பூர்வகுடிகள். அவர்கள் மொழியில் பெர்த்துக்கு பூர்லூ என்று பெயராம். ரூக்சார் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீளச் சுவர் முழுக்க ஏரிக்கும் ஆற்றுக்கும் மேட்டுக்கும் நூங்கார் பெயரை எழுதி, ஊரே கூடிப் படம் வரைந்திருந்தது. நம் ஊர் பாக்கம், கரணை என்று முடிவதுபோல, அங்கே பல ஊர்ப்பெயர்கள் 'அப்' என்று முடிகின்றன. ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அந்த இடத்துக்காரர்கள் வந்து தங்கள் வாயால் பெயரைச் சொன்ன பிறகுதான் யாரும் பிரஷ்ஷைத் தொடலாம்.

அசோசியேஷன் செயலாளர் ஜீவரத்தினம் படத்தைப் பார்த்ததும் குதித்துவிட்டார். நம் காம்பவுண்ட் சுவரும் சும்மாதானே கிடக்கிறது, நம் முடிச்சூருக்கும் இதே மாதிரி செய்துவிடலாம், மேடம் டிராயிங் டீச்சர்தானே என்றார். டீச்சர்தான், யார் இல்லையென்றது? பகலெல்லாம் இரண்டு மலை நடுவே ஒரு சூரியன் என்று நாற்பது நோட்டைத் திருத்திவிட்டு, சாயங்காலம் சுவர் முன்னால் போய் நிற்க வேண்டும். முதுகு விட்டுப்போயிற்று.

ஆனாலும் சுவர், ஊரின் வரைபடம் போல நன்றாகத்தான் வந்தது. ஞாயிறுதோறும் மாடி வீட்டுக்காரர்கள் டீ ஃப்ளாஸ்க்கோடு இறங்கிவந்து வண்ணம் அடித்தார்கள். பெயர் சொல்ல வந்தவர் செல்லியம்மாள். இந்த நகர் மொத்தமும் ஒரு காலத்தில் அவர் வீட்டு நெல்வயல். இப்போது மிச்சமிருக்கும் வீடுகளுக்கு வாடகை வாங்கிக்கொண்டு, வாடகைக்கு இருப்பவர்களைத் திட்டிக்கொண்டு இருக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நரிமேடு, பனஞ்சாலை, மதகடி என்று அவர் கைநீட்டிச் சொல்லச் சொல்ல, நஃபீசா எழுதினாள். இந்தக் கட்டடம் நிற்கும் இடத்துக்கு வந்ததும் செல்லியம்மாள் குரல் இறங்கிவிட்டது.

"இது கொக்குத்தாங்கல்."

தாங்கல் என்றால் சின்ன ஏரி. நாலு மழை பெய்தால் தண்ணீர் வந்து தங்கும் பள்ளம். எழுதலாமா என்று நஃபீசா கேட்டாள்.

"நாங்க வித்துட்டோம்மா. எந்த மூஞ்சிய வச்சிகினு நான் சொல்லி எழுதச் சொல்றது? இப்ப நீதான் இந்த எடத்துக்காரி. எழுதறதும் வுடறதும் உன் இஷ்டம்."

இஷ்டமாம். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அவர்கள் இருக்கும் இந்தக் கீழ்வீட்டில் கழுத்தளவு தண்ணீர். அப்போது நஃபீசாவுக்கு ஆபரேஷன் பிரசவம் ஆகி ஒரு வாரம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் மாடிக்குத் தூக்கிப்போனார்கள். அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் ஃப்ரிட்ஜும் கட்டிலும் செங்கல் மேல் ஏறிவிடும். அந்த வீட்டைத் தலைமுழுகினால் போதும் என்று அவள் தவமிருந்தாள். கடைசியில் புருஷன் ஆசிப் வீட்டை வாங்க ஓர் ஆளைப் பிடித்துவிட்டான். ஐசக் என்று ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வீடு பார்க்க வருகிறார். விற்றால் கோவிலம்பாக்கத்தில் மூன்றாவது மாடி.

சுவரில் அந்த ஒரு பெயரை மட்டும் அட்வான்ஸ் வாங்கும்வரை எழுதாதே என்று ஆசிப் கெஞ்சினான். கெஞ்சவே தேவையில்லை. அவனைவிட அவளுக்குத்தான் போக வேண்டும். அங்கே மட்டும் வெறும் நீலத்தை அடித்துவிட்டாள். ஞாயிறு காலை இருவருமாக ஃப்ரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் அடியிலிருந்த செங்கல்லையெல்லாம் உருவி, பின்பக்கம் சாக்குப் போட்டு மூடினார்கள்.

ஐசக்குக்குச் சுவரை விட்டு வர மனமில்லை. ஒவ்வொரு பெயராகப் படித்தார். அவர் மனைவி வாக்கரை ஊன்றி ஊன்றி உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஆசிப் ஜூஸ் கொடுத்தான்.

"இவளால படி ஏற முடியாதும்மா. அதான் கீழ்வீடா தேடி அலையறோம்," என்றார் ஐசக். "ஆமா, எல்லாத்துக்கும் பேர் போட்டிருக்கீங்க, நம்ம வீடு நிக்கிற எடம் மட்டும் நீலமா விட்டிருக்கீங்களே?"

இன்னும் பெயர் கிடைக்கவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஆசிப் முந்திக்கொண்டு சொன்னான். நஃபீசா அந்த அம்மாவின் வீங்கிய கால்களைப் பார்த்தாள். தண்ணீர் வரும் ராத்திரியில் இவரை எந்த நாற்காலியில் வைத்து யார் தூக்குவார்கள்? பேசாமல் அடுப்படிக்குப் போய்விடலாம். அட்வான்ஸ் வரட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம். நின்றாள்.

"கொக்குத்தாங்கல் சார். இந்த எடத்துக்குப் பேரு கொக்குத்தாங்கல்."

ஐசக் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். "தண்ணி எவ்ளோம்மா வந்துச்சு?"

அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். ஐசக் எழுந்தார். போகும்போது இரண்டு கையையும் கூப்பிவிட்டு, மனைவியை ஆட்டோவில் ஏற்றினார்.

ஆசிப் கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"திருப்தியா?" என்று மட்டும் கேட்டான்.

"எனக்கும் போகணும்ங்க," என்றாள். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வெளியே போய் பிரஷ்ஷை எடுத்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த செல்லியம்மாள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கொக்கையும் வரைந்தாள். கால் கொஞ்சம் கோணலாக வந்தது. திருத்தத் தெம்பில்லை.

உள்ளே வந்தபோது ஆசிப் சாக்கை விலக்கிச் செங்கல்லை எடுத்து வந்து, ஃப்ரிட்ஜுக்கு முன்னால் குந்தியிருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கு," என்றான்.

நஃபீசா கையிலிருந்த நீலத்தை நைட்டியில் துடைத்துக்கொண்டு தூக்கினாள்.