மஞ்சள் கரு சிந்தாமல்

ரஃபிகாவுக்கு வாய் நீளம் என்பது மஹ்தியாத் துறைமுகத்தில் வலை உலர்த்துகிறவர்கள் வரைக்கும் தெரியும். அந்த வாயால்தான் அவளுக்கு வேலையே கிடைத்தது. எல் ஜெம் ஊரில் ரோமர்கள் கட்டிய பெரிய அரங்கத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவள்தான் வழிகாட்டி. பத்து வருஷத்துக்கு மேலாக அதே கல்லைக் காட்டி, நாளுக்கு நாள் புதுசாகப் பேசுகிறாளே, அதற்கே அவளுக்குச் சிலை வைக்கலாம்.

அன்று காலையும் அரங்கத்தின் நடுமணலில் நின்று முழங்கிக்கொண்டிருந்தாள். எதிரே அல்ஜீரியாவின் மெதெயாவிலிருந்து பேருந்தில் வந்த கூட்டம். மலையூர்க்காரர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லை தாண்டி வந்து, காலையில் சரித்திரம், மதியம் சாப்பாடு, சாயங்காலம் கடல் என்று துனீசியாவையே ஒரு வாரத்தில் விழுங்கிவிட்டுப் போகிறவர்கள்.

“இந்த மணலுக்குக் கீழ ஒரு பக்கம் சிங்கத்தையும் ஒரு பக்கம் மனுசனையும் அடைச்சு வச்சிருந்தாங்க. மேல முப்பதாயிரம் பேர் உக்காந்து வேடிக்கை பாத்தாங்க. இங்க நின்னவன் மனசு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க” என்றாள்.

“அந்தப் பக்கம் சுவர் பாதிதான் இருக்கு. மீதிக் கல்லெல்லாம் எங்கம்மா போச்சு?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“இந்த ஊர்க்காரங்க வீட்டுச் சுவர்ல இருக்கு. வேணும்னா கதவைத் தட்டிக் கேளுங்க. டீ குடுப்பாங்க, கல்லைக் குடுக்க மாட்டாங்க.”

கூட்டம் சிரித்தது. கடைசியில் நின்ற பேருந்து ஓட்டுநர் புவாலம் மட்டும் சிரிக்கவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பரீட்சைக்கு வந்தவர் மாதிரி விறைத்து நின்றார். பரீட்சைதான். மதியம் மஹ்தியாவில் ரஃபிகாவின் அம்மா மொங்கியாவிடம் அவர் பெண் கேட்கப் போகிறார்.

மூன்று கோடையாக நடக்கிற கதை இது. முதல் வருஷம் ரஃபிகாவிடம் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இரண்டாம் வருஷம் ஒரு கூடை செர்ரிப் பழத்தை மடியில் வைத்துப் பாதுகாக்காத குறையாகக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த வருஷம் வந்து இறங்கியதும், “உனக்குச் சம்மதம்னா” என்று ஆரம்பித்தார். சம்மதம் என்று சொல்லிவிட்டாள். பிறத்தியார் பேச்சு முடிகிறவரை அவள் எப்போது காத்திருந்தாள்?

சிக்கல் எல்லாம் மொங்கியாவிடம்தான். துறைமுகத்தை ஒட்டிச் சாப்பாட்டுக்கடை நடத்துகிற பொம்பளை. மீன் போட்ட குஸ்குஸ் ரவைச் சோற்றுக்கும் ப்ரீக்குக்கும் அவள் கையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ப்ரீக் என்றால் லேசுப்பட்ட பலகாரம் இல்லை. கண்ணாடி மாதிரி மெல்லிய மாவுத்தாளில் டூனா மீனும் பொடியாக நறுக்கிய தழையும் வைத்து, நடுவே பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, மடித்து எண்ணெயில் போட்டு நொடியில் எடுக்க வேண்டும். மேலே மொறுமொறு என்று இருக்கும், உள்ளே மஞ்சள் கரு அப்படியே ஓடும். பெண் கேட்டு வருகிறவன் முன்னால் பெண்ணின் அம்மா அதை வைப்பாள். கையால் எடுத்துக் கடித்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தின்றுவிட்டால் பெண் அவனுக்கு. மற்ற வீடுகளில் இது ஒரு விளையாட்டு. மாமனார் கண்ணைச் சிமிட்டுவார், சிந்தினாலும் சிரித்துக்கொண்டே பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள். மொங்கியா வீட்டில் அது சட்டம்.

சட்டம் என்றால் எப்படிப்பட்ட சட்டம்? வேண்டாத மாப்பிள்ளைக்கு இரண்டு முட்டை. சூஸ் நகரத்து வங்கிக்காரர் ஒருவர் கழுத்துப்பட்டையெல்லாம் மஞ்சளாகித் திரும்பிப் போனார். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரரும் சிந்தினார்தான், ஆனால் அவரை மட்டும், “பாவம், அன்னிக்குக் காத்து அதிகம்” என்று மன்னித்துவிட மொங்கியா தயாராக இருந்தாள். பெண் பக்கத்துத் தெருவோடு நின்றுவிடும் அல்லவா? ரஃபிகாதான் முடியாது என்றுவிட்டாள்.

மொங்கியாவைச் சும்மா குற்றம் சொல்லவும் முடியாது. மூத்தவளைக் கடல் தாண்டிப் பிரான்சில் மர்சேய்க்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, பேரன் நடக்கப் பழகியதை அலைபேசியில் பார்த்து அழுதவள் அவள். இன்னொரு பெண்ணையும் எல்லை தாண்டி அனுப்புவதை நினைத்தாலே அவளுக்குப் பயம். ஆனால் பயத்தைப் பயம் என்று சொல்ல அவளுக்கு வராது. ப்ரீக்காகத்தான் சொல்ல வரும்.

மஹ்தியாவுக்குப் பேருந்து கிளம்பியதும் ரஃபிகா ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

“ரெண்டு முட்டை போடுவாங்க. பயமா இருக்கா?”

“பயமா? குளிர்காலம் முழுக்க அதானே வேலை. ஹூரியா அக்கா பொரிச்சுப் பொரிச்சு வைப்பாங்க, நான் தின்னுக்கிட்டே இருப்பேன். ஒரு நாள்கூடச் சிந்தினதில்ல” என்றார் புவாலம்.

பின்னால் இருந்த அவருடைய அக்கா ஹூரியா எட்டிப் பார்த்து, “எண்ணெய்ச் சட்டி ஓட்டையாப் போச்சு பொண்ணே. உனக்காகத்தான்” என்றாள்.

“முதலாளிகிட்டயும் பேசிட்டேன். அடுத்த கோடைலேர்ந்து பஸ்ஸை மஹ்தியாலயே வச்சு இங்கிருந்து ஓட்டலாம்னு சொல்லிட்டார். இதை உங்கம்மாகிட்ட முதல்ல சொல்லிடறேன். மனசு இளகிடும்” என்றார் புவாலம்.

ரஃபிகாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஓடிய ஆலிவ் மரங்களிடம்கூட ஏதோ பேசிக்கொண்டே வந்தாள்.

கடையில் பேருந்துக் கூட்டம் இறங்கியதும் நாற்காலி போதவில்லை. கடலில் குளிக்கப் போக வேண்டியவர்கள்கூடத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். மூலை மேசையில் எப்போதும் உட்கார்ந்திருக்கிற கெமாய்ஸ் மாமா, ஓய்வுபெற்ற மீனவர், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

புவாலம் எழுந்து நின்று, “அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்” என்றார்.

“முதல்ல சாப்பிடுங்க. பேச்சு அப்புறம்” என்று மொங்கியா தட்டை வைத்தாள். உள்ளங்கையைவிடப் பெரிசு. நடுவில் இரட்டை மேடாகப் புடைத்திருந்தது.

புவாலம் ப்ரீக்கை எடுத்தார். எடுத்த விதத்தைப் பார்த்ததுமே ரஃபிகா ஓரடி முன்னால் வந்தாள். ஒரு முனையை வாய்க்குக் கொண்டுபோய், மறுமுனையைக் கீழே தொங்கவிட்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர்கள் ஊரில் அந்த மாவுத்தாளை விரல் பருமனுக்குச் சுருட்டிப் பொரிப்பார்கள். முட்டையைக் கொத்துக்கறியோடு அடித்துக் கலந்து வேகவைத்துவிடுவார்கள். சிந்துவதற்கு அதில் என்ன இருக்கிறது? பாவி மனுசன் குளிர்காலம் முழுவதும் சிந்தவே முடியாத பண்டத்தைத் தின்று, சிந்தாமல் பழகியிருக்கிறார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கடித்துவிட்டார். இரண்டு மஞ்சள் கருவும் அடிமுனை வழியாகப் பொத்துக்கொண்டு வந்தன. ஒன்று தட்டில், ஒன்று வெள்ளைச் சட்டையில்.

“அடடா” என்றார் கெமாய்ஸ் மாமா. “அல்ஜீரியாவுக்கே மஞ்சக் காப்பு சாத்தின மாதிரி ஆயிடுச்சே.”

மொங்கியா சிரிக்கவில்லை. உள்ளே அவளுக்கு நிம்மதி, அது முகத்தில் தெரிந்தது. “சாப்பாடு எல்லாருக்கும் இருக்கு. சாப்பிட்டுட்டுக் கடலுக்குப் போங்க. இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது” என்றாள்.

புவாலம் தலையைக் குனிந்துகொண்டார். ஹூரியாவின் கண் கலங்கிவிட்டது. ரஃபிகாவுக்கு வந்ததே கோபம். துக்கமும் அதிலேயே இருந்தது, ஆனால் கோபம் முந்திக்கொண்டது. பேருந்து இங்கேயே வரப்போவதைச் சொல்லிக் கெஞ்சவும் மனசு வரவில்லை. தம்பி பெண்டாட்டிக்கென்று சட்டி ஓட்டையாகிறவரை பொரித்த ஒரு வீடு, இரண்டு முட்டையில் போய்விடுவதா?

நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எனக்கும் ஒண்ணு போடும்மா. அவருக்குப் போட்ட மாதிரியே, ரெண்டு முட்டை.”

“உனக்கு எதுக்குடி?”

“குடும்பம் நடத்தப் போறது ரெண்டு பேர். அவர் பாதி சிந்திடுச்சு. என் பாதி பாக்கி இருக்கு. நான் சிந்தாம தின்னா, எனக்குப் பிடிச்சவரை நான் கட்டிப்பேன். நீ நடுவுல வரக்கூடாது.”

“பொண்ணு தின்ற வழக்கம் எங்கயும் கிடையாது.”

“காத்து அடிச்சா மன்னிக்கிற வழக்கம் மட்டும் இருக்கோ?”

கடையில் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. மொங்கியாவின் முகம் சிவந்தது. “சிந்தினா?”

“சிந்தினா அந்த மருந்துக்கடைக்காரரைக் கூப்பிடு. மறுபேச்சு பேசாம கட்டிக்கிறேன்.”

இதைக் கேட்டு வெகுவாகச் சிரித்தவர் கெமாய்ஸ் மாமா. “போடு மொங்கியா, தைரியமாப் போடு. உம் பொண்ணு பால் பல்லு முளைச்ச நாள்லேர்ந்து இங்க ப்ரீக் தின்றா. ஒரு நாளாவது கவுன் சுத்தமா எந்திரிச்சிருக்காளா? வாயில வச்சுக்கிட்டே பேசுவா. பேசினா சிந்தும். சிந்தினா மறுபடி அதுக்கு ஒரு பேச்சு.”

அது சத்தியமான உண்மை. மொங்கியாவுக்கும் அது தெரியும். அதனால்தான் ஒப்புக்கொண்டாள். இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி மடித்தாள். எண்ணெயில் முழுகியதோ இல்லையோ, அரிகரண்டியில் அள்ளித் தட்டில் வைத்துவிட்டாள். இவ்வளவு இளகலான ப்ரீக்கை அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. தொட்டால் குலுங்கியது.

ரஃபிகா புவாலத்தைப் பார்த்தாள். சட்டையில் மஞ்சளோடு, அவளை நம்பி உட்கார்ந்திருந்தார். அரங்கத்து மணலில் நின்றவன் மனசைப் பற்றிப் பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவளுக்கு, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிஸ்மில்லா சொல்லி இரண்டு கையாலும் இரண்டு முனையையும் பிடித்து, மடிப்பு கீழே இருக்கும்படி நிமிர்த்தினாள். மேல் விளிம்பில் அணில் கொறித்த அளவுக்கு ஒரு கடி. உதட்டை அதில் பதித்து உறிஞ்சினாள்.

“சப்தத்தையே காணோமே. பொண்ணுக்கு உசுரு இருக்கா?” என்றார் கெமாய்ஸ் மாமா.

அவள் நிமிரவில்லை. ஒரு மஞ்சள் கரு உள்ளே போயிற்று. இன்னொன்று அடியில் ஆடிக்கொண்டிருந்தது.

மாமா விடுகிற ஆளா? பேருந்துக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சாவகாசமாகச் சொன்னார். “காலைல எல் ஜெம்ல ஒரு கட்டடம் பாத்துருப்பீங்க. அது துருக்கிக்காரங்க கட்டினது.”

ரஃபிகாவின் காது மடல் சிவந்தது.

மொங்கியா கரண்டியைத் துடைத்துக்கொண்டே, “ஆமா, துருக்கிக்காரங்கதான். குதிரை கட்டறதுக்குக் கட்டினாங்க” என்றாள்.

குதிரை கட்டுவதற்கா? பதில் ரஃபிகாவின் தொண்டை வரை வந்துவிட்டது. புருவம் துடித்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. பேருந்துப் பெரியவர் ஒருவர் விஷயம் புரியாமல், “அப்படியாம்மா, காலைல வேற மாதிரி சொன்னியே” என்று அவளிடமே கேட்டுவைத்தார். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் அவள் வாழ்நாளில் விட்டதில்லை. விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள். இரண்டாவது மஞ்சள் கருவும் போயிற்று. அப்புறம் மாவுத்தாளை ஒரு பொடிகூட விடாமல், கடித்து, மென்று, விழுங்கினாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்றைக்கு வாயை மூடிய பிள்ளை பிழைத்தது.

மொங்கியா தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். விரலால் வழித்துப் பார்த்தாள். மகளின் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், இரண்டு கை மணிக்கட்டையும் பார்த்தாள். எங்கேயும் ஒன்றும் இல்லை.

ரஃபிகா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். எழுந்து நின்றாள்.

“ரோமர்கள்” என்றாள். “துருக்கிக்காரன் இந்தக் கரைல கால் வைக்கறதுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷம் முன்னாடி கட்டினது. குதிரை கட்ட இல்ல. அப்புறம், ப்ரீக்ல உப்பு கம்மி.”

ஹூரியாதான் முதலில் குலவையிட்டாள். அடுத்து பேருந்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து இட்ட குலவையில் துறைமுகத்துப் பறவைகள் கூட்டமாக எழுந்து பறந்தன. கெமாய்ஸ் மாமா தோற்ற ஆள் மாதிரியா இருந்தார்? மேசையைத் தட்டித் தாளம் போட்டார்.

மொங்கியா மட்டும் தட்டைப் பிடித்தபடி நின்றாள். “அந்த மெதெயாவுக்கு இங்கேருந்து எத்தனை மணி நேரம்டி?” என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது.

“எதுக்கு? யாரு போறா?” என்றாள் ரஃபிகா. “அவர்தான் இங்க வர்றார். பஸ்ஸு இனிமே மஹ்தியாலேர்ந்துதான் ஓடப்போகுது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். நீ ப்ரீக்கை வச்சு அடைச்சுட்ட.”

மொங்கியா மகளைப் பார்த்தாள். புவாலத்தைப் பார்த்தாள். முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவர் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

“சட்டையைக் கழட்டிக் குடுங்க மாப்பிள்ளை. மஞ்சக் கரு வெந்நீர் பட்டா போகாது, பச்சத்தண்ணில ஊற வைக்கணும்.”