உலை ஆறும்வரை

படிகம் வளர்ந்து முடிந்துவிட்டது. இனி உலை ஆற வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அவளைப் பாடாய்ப் படுத்தியது.

பச்சை லேசர் ஒளியை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் புற ஊதா ஒளியாக மாற்றித் தருகிற படிகம் அது. மாதக்கணக்கில் மயிரிழை மயிரிழையாக வளரும். வளர்ந்தபின் சூட்டோடு இருக்கையில் கொஞ்சம் குளிர்ந்த காற்று பட்டால் போதும், பிளந்துவிடும். முன்பு வளர்த்த இரண்டும் ஆறும்போதுதான் பிளந்தன. இதுவும் போனால் உலையை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். உலை போனால் அவளுக்கும் ஆமைக்கும் அந்த ஆய்வகத்தில் வேலை இல்லை.

ஆமை என்பது அவளோடு வேலை செய்கிறவனுக்கு அவள் வைத்த பட்டப்பெயர். தண்ணீர் குடிக்கக்கூட யோசித்துத்தான் எழுவான். மனைவிக்கு வலி கண்டுவிட்டதென்று காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவன், அப்போதும் வாசலில் நின்றான்.

"அக்கா, மேல் மூடியில மட்டும் கை வெச்சிடாதீங்க."

"எனக்கே பாடமா? போய்ப் பொண்டாட்டியப் பாருடா."

"ஆக்கப் பொறுத்தவங்க ஆறவும் பொறுக்கணும்ல, அதான் சொன்னேன்."

மதியம்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. வெப்பநிலை ஒழுங்காகத்தான் இறங்கியது. அப்போதுதான் உலைக்குள் 'டிக்'கென்று ஒரு சத்தம் கேட்டது போலிருந்தது. இரும்பு சுருங்குகிற சத்தமாக இருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் மனசு அடங்கவில்லை. ஏற்கெனவே பிளந்திருந்தால்? பிளந்ததையா இப்படிப் பொத்திப் பொத்திக் காவல் காக்கிறோம்? ஒரே ஒரு பார்வை. கண் இமைக்கிற நேரம்தானே.

கையுறையை மாட்டிக்கொண்டு மூடியை விரலளவு நகர்த்தினாள்.

படிகம் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. கழுவி வைத்த கண்ணாடி போல அத்தனை தெளிவு. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மூடியைச் சாத்தத் தோன்றாமல் இன்னும் கொஞ்சம் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. சத்தம்கூட வரவில்லை.

மூடியைச் சாத்திவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. கரண்ட் போய் வந்தது என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். போன் அடித்தது.

"அக்கா, பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." ஆமை மூச்சு வாங்கினான். "நம்ம படிகம் எப்படிக்கா இருக்கு?"

அவள் சாத்திய மூடியைப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சுடா," என்றாள். "நான் பாக்குற வரைக்கும்."