ஏழு நிமிஷக் கோழி வடை

வள்ளிக்கண்ணு மிக்ஸியை நம்பவில்லை. எட்டு கிலோ எலும்பில்லாத கோழிக்கறியையும் கத்தியாலேயே கொத்தினாள். கே.கே. நகரில் அந்த மூன்றாம் மாடி வீட்டுச் சமையலறையில் மரப்பலகை அதிர்ந்த அதிர்வில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

"ஏம்மா, யாரையோ வெட்டுற மாதிரியே வெட்டுற. பலகை பொளந்துடும்" என்றாள் கலைமதி.

"பொளந்தா வேற வாங்கிக்க. நீ அந்தப் பேப்பரைச் சதுரம் சதுரமா வெட்டு."

"ஒத்தைக் கையால எப்படி வெட்டுறது?"

"பல்லால பிடிச்சுக்கிட்டு வெட்டு."

கலைமதியின் இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. முந்தாநாள் செல்போன் வீடியோவில் அதைப் பார்த்ததிலிருந்து வள்ளிக்கண்ணுவுக்குத் தூக்கம் இல்லை. வையம்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாகக் கோழிக்கடை நடத்துகிறவள் அவள். காலை ஒன்பது மணிக்குள் நாற்பது கோழிகளின் கழுத்தை அறுத்துவிடுவாள். அறுபட்டவை டிரம்முக்குள் துடிக்கத் துடிக்க, பக்கத்தில் நின்று டீ குடிப்பாள். ரத்தம் அவளுக்குப் புதிதல்ல. மகளின் உடைந்த கைதான் புதிது.

"எதுக்குடி அடிச்சாரு?" என்று அன்றைக்கே கேட்டிருந்தாள்.

"சாப்பாடு லேட்டாயிடுச்சு."

கலைமதிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை. அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம், அங்கே இன்னொரு பஸ், வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். கணவன் சுரேஷ்குமார் பைக் ஷோரூமிலிருந்து எட்டு மணிக்கு வருவான். எட்டு பத்துக்குத் தட்டு முன்னால் இருக்க வேண்டும். கை உடைந்த அன்றைக்கு எட்டரை ஆகிவிட்டது. கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிச் சுவரில் மோதினான்.

ஆடி மாதமே ஒருமுறை கலைமதி உதடு கிழிந்து வையம்பட்டிக்கு வந்திருந்தாள். இரண்டு நாள் வைத்திருந்து, "நேரத்துக்குச் சோறு போடு, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லி, வள்ளிக்கண்ணுதான் பஸ் ஏற்றி அனுப்பினாள். இப்போது அந்தச் சோற்றுக்கு ஒரு வழி செய்துவிட்டுப் போகலாம் என்றுதான் கடையைப் புருஷன் ரங்கசாமியிடம் விட்டுவிட்டு, கறியை ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு நேற்று வந்திருந்தாள். திங்கட்கிழமை கலைமதி மறுபடி வேலைக்குப் போக வேண்டும். அதற்குள் ஃப்ரீசர் நிறைந்துவிட வேண்டும்.

சிக்கன் பேட்டீஸ் என்று கலைமதி சொன்னாள். வள்ளிக்கண்ணுவுக்கு அது கோழி வடை. ஒரு ராத்திரிக்கு நாலு, ஒரு மாசத்துக்கு நூற்றிருபது. மாப்பிள்ளைக்குக் கொழுப்பு ஜாஸ்தி, எண்ணெயைக் குறை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தோல் இல்லாத நெஞ்சுக்கறி மட்டும். மைதாவுக்குப் பதில் வறுத்துப் பொடித்த ஓட்ஸ். துருவிய கேரட், பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகு, பிசைவதற்கு நாலைந்து முட்டை. போன தீபாவளிக்குக் குழம்பில் எண்ணெய் மிதந்ததென்று தட்டு பறந்து கலைமதியின் காதோரம் கிழித்தது. அந்தத் தழும்பைப் பார்த்துப் பார்த்து வள்ளிக்கண்ணு கறியை அழுத்திப் பிசைந்தாள்.

உள்ளங்கையில் வைத்துத் தட்டினாள். கலைமதி ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு பேப்பர் வைத்தாள். தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் எடுத்துப் பத்துப் பத்தாகக் கவரில் போட்டுத் தேதி எழுதினார்கள். புதன்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குக் கடைசிக் கவரும் உள்ளே போனது. வள்ளிக்கண்ணு கையோடு நாலு வடையை எடுத்து, தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, மூடி போட்டுத் திருப்பினாள். கலைமதி செல்போனில் நேரம் பார்த்தாள்.

"ஏழு நிமிஷம்மா."

"பாத்தியா? நீ செருப்பைக் கழட்டுறதுக்குள்ள சோறு ரெடி. இனிமே அவரு எதுக்குக் கை நீட்டப் போறாரு?"

கலைமதி அடுப்பை அணைத்தாள். தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குச் சுரேஷ்குமார் வந்துவிட்டான். வழக்கத்தைவிட மூன்று மணி நேரம் முன்னால்.

"அடடே, அத்தை! இன்னும் ஊருக்குப் போகலையா? நல்லதாப் போச்சு. என்ன, வீடே மணக்குது?"

வள்ளிக்கண்ணு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நகர்ந்தாள். கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து அவள் பத்து வார்த்தை பேசியதில்லை. அவர்கள் பக்கத்தில் மாமியார் அப்படித்தான். அவன் எதிரே உட்கார மாட்டாள், அவன் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள்.

ஏழு நிமிஷத்தில் தட்டு அவன் முன்னால் இருந்தது. நாலு தின்றான். இன்னும் இரண்டு கேட்டான்.

"எண்ணெயே தெரியலையே! பிரமாதம் அத்தை. உங்க பொண்ணுக்கும் கொஞ்சம் கத்துக்குடுத்துட்டுப் போங்க."

வள்ளிக்கண்ணு பூரித்துப்போனாள். மூன்று வருஷ மௌனத்தை மறந்து வெளியே வந்து ஃப்ரீசர் கதவைத் திறந்து காட்டினாள்.

"ஒரு மாசத்துக்குப் போட்டு வெச்சிருக்கேன் மாப்பிள்ளை. நீங்க வந்து உக்காந்தா ஏழே நிமிஷம். இனிமே லேட்டே ஆகாது."

கலைமதியின் முகம் வெளுத்தது.

சுரேஷ்குமார் எழுந்து கை கழுவினான். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். போய் வாசல் கதவைத் தாழ் போட்டான். டி.வி.யைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

"அம்மா, நீ பால்கனிக்குப் போ" என்றாள் கலைமதி மெதுவாக.

"எதுக்குடி?"

"போம்மா."

அவன் திரும்பி வந்தான். "லேட்டுன்னு யாருடி சொன்னது? நான் சோத்துக்குப் பறக்குறேன்னு உங்கம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னியா? உங்க ஊரு பூராவும் சொல்லியாச்சா?"

"இல்லைங்க, அம்மா சும்மா..."

அறை விழுந்தது. கலைமதியின் தலை ஃப்ரிட்ஜில் இடித்து, மேலே இருந்த உப்பு ஜாடி விழுந்து உடைந்தது.

"மாப்பிள்ளை! நான்தான் தெரியாமச் சொல்லிட்டேன், அவ மேல தப்பு இல்லைங்க..."

அவன் கேட்டதாகவே தெரியவில்லை. திறந்து கிடந்த ஃப்ரீசருக்குள் கையை விட்டு ஒரு கவரை உருவி வீசினான். கல்லாக உறைந்த பத்து வடை கலைமதியின் நெற்றியில் பட்டுத் தெறித்தது. புருவத்துக்கு மேலே தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. இன்னொரு கவர். அது தோளில். இன்னொன்று வயிற்றில். அவள் மடங்கி உட்கார்ந்தபோது முடியைப் பிடித்துத் தூக்கினான்.

வள்ளிக்கண்ணு ஓடிப்போய் அவன் காலைப் பிடித்தாள். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், விட்டுடுங்க. கை ஒடிஞ்ச பொண்ணுங்க."

அதே காலால் அவள் மார்பில் உதைத்தான். மூச்சு நின்றது. சுவரோரம் போய் விழுந்தாள்.

"கை ஒடிஞ்சும் புத்தி வரலையே அத்தை! இந்தக் கையாலதானே போன் பண்ணினா?" மாவுக்கட்டுக் கையை இழுத்து ஃப்ரீசர் விளிம்பில் வைத்துக் கதவை ஓங்கிச் சாத்தினான். திறந்து மறுபடி சாத்தினான். கட்டு வெடித்து வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

கலைமதி கத்தவில்லை. துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்குச் சத்தம் போகக்கூடாதென்று அவள் பழகிவைத்திருந்த வழி அது. தரையில் கிடந்த வள்ளிக்கண்ணு அதைப் பார்த்தாள். இறக்கை இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தால் கோழியும் சத்தம் போடாது. கழுத்தில் கத்தி இறங்கும்வரை கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அவள் அப்படித்தான் பிடித்திருக்கிறாள். இந்தப் பெண்ணையும் ஆடி மாதம் அப்படித்தான் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள்.

அவள் எழுந்தாள். பலகை மேல் கிடந்த கத்தியை எடுத்தாள். முந்தானை சரிந்து கிடந்ததைச் சரிசெய்யவில்லை.

"மாப்பிள்ளை, கையை எடுங்க."

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "என்ன அத்தை, அறுத்துடுவீங்களோ? கோழின்னு நெனச்சீங்களா?"

"கையை எடுங்கன்னு சொன்னேன்."

மூன்றாம் முறை கதவைச் சாத்த அவன் கையை ஓங்கினான். வள்ளிக்கண்ணு கத்தியைத் திருப்பி, கூர் இல்லாத கனத்த முதுகுப் பக்கத்தை அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு எங்கே சேர்கிறது, எந்த இடத்தில் அடித்தால் விட்டுக்கொடுக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மொடக்கென்று சத்தம் கேட்டது. கை கீழே தொங்கியது.

அவன் அலறினான். அடுத்த கணமே இன்னொரு கையால் அவள் தொண்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். கத்தி நழுவியது. அவளுக்குக் கண் இருண்டது. "கொன்னுடுவேன்டி கிழவி!" என்ற அவன் எச்சில் முகத்தில் தெறித்தது.

பின்னாலிருந்து கலைமதி வந்தாள். வெடித்த மாவுக்கட்டுக் கையைத் தோள்வரை தூக்கி, பலம் கொண்ட மட்டும் அவன் காதில் மோதினாள். அவளும் அலறினாள், இந்தத் தடவை வாயில் எதையும் திணிக்காமல். மறுபடி மோதினாள். அவன் தடுமாறி, சிதறிக் கிடந்த கவர் ஒன்றில் கால் வழுக்கி, சமையல் மேடையின் முனையில் தாடை இடிபட விழுந்தான். வாயிலிருந்து ஒரு பல்லும் ரத்தமுமாக வந்தது.

வாசல் கதவை யாரோ இடித்தார்கள். "அக்கா! கலை அக்கா! கதவைத் தொறங்க!" எதிர் வீட்டு தஸ்லிமா.

கலைமதி தாழை நீக்கினாள். தஸ்லிமா ஒரு பார்வை பார்த்தாள். "யா அல்லாஹ்! பேசாதீங்க, மொதல்ல வெளிய வாங்க ரெண்டு பேரும்" என்று இருவரையும் இழுத்து, தன் துப்பட்டாவால் கலைமதியின் நெற்றியை இறுக்கிக் கட்டினாள். "இவரை எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு. நீங்க இங்க நிக்காதீங்க."

ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் வள்ளிக்கண்ணு தன்னைக் குனிந்து பார்த்தாள். சேலையெல்லாம் ரத்தம். எது கோழியுடையது, எது மகளுடையது என்று தெரியவில்லை.

கலைமதி ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டாள். அவளோடு வேலை பார்க்கும் பூமா மேடம் எடுத்தார். நாலு வார்த்தை கேட்டதுமே, "நேரா எங்க ஆத்துக்கு வந்துடு. மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. அம்மாவையும் அழைச்சுண்டு வா" என்றார்.

"நான் கோழிக்கடைக்காரி. அவங்க வீட்டுக்குள்ள எப்படிடி? அதுவும் இந்தச் சேலையோட?" என்றாள் வள்ளிக்கண்ணு.

"அவங்க கேக்கலை. நீ எதுக்குக் கேக்குற?"

சத்திரம் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறும்போது சுரேஷ்குமாரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கவர் பட்ட வலது தோளின் வலியில் செல்போனைக் காதில் வைக்க முடியாமல் கலைமதி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்றான். பல் போன வாயில் வார்த்தை குழறியது. ஆனால் குரல் நிதானமாக இருந்தது. "போலீஸுக்குச் சொல்லலாமான்னு டாக்டர் கேக்குறாரு. உங்கம்மா கத்தியால வெட்ட வந்தாங்கன்னு சொன்னேன்னா கொலை முயற்சி. இந்த வயசுல ஜெயிலு. நீ இப்பவே திரும்பி வந்துட்டா, பாத்ரூம்ல விழுந்தேன்னு நானே சொல்லிக்கிறேன். பத்து நிமிஷம் டைம். யோசிச்சுக்க."

தொடர்பு அறுந்தது. கலைமதி அம்மாவைப் பார்த்தாள். தொண்டையில் அஞ்சு விரலும் நீலமாகப் பதிந்திருந்த அம்மா.

"அண்ணே, வண்டியைத் திருப்புங்க" என்றாள்.

"திருப்பாதீங்க தம்பி" என்றாள் வள்ளிக்கண்ணு.

"அம்மா, அவரு சொன்னதைச் செய்வாரு. உன்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க. எனக்குப் பழகிப்போச்சு, நான் போயிக்கிறேன்."

"வாயை மூடுடி!" வள்ளிக்கண்ணு கத்தியதில் ஆட்டோக்காரர் திடுக்கிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். அவள் குனிந்து அவரிடம் கேட்டாள். "ஸ்ரீரங்கத்துல பொம்பளை போலீஸ் ஸ்டேஷன் இருக்குதுங்களா?"

"இருக்கும்மா."

"மொதல்ல அங்க விடுங்க."

"அம்மா..."

"அவன் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். கத்தியைத் திருப்பிப் பிடிச்சேன், ஒரே அடி, மணிக்கட்டுல. இன்னொரு தடவை நடந்தாலும் அடிப்பேன்னும் சொல்லுவேன். மூணு வருஷமா அவன் என்ன பண்ணினான்னு நீ சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு. நான் உள்ள போனா போறேன். கோழிக்கடையை உங்கப்பா பாத்துப்பாரு. நீ அந்த வீட்டுக்குள்ள மட்டும் போகக்கூடாது."

கலைமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செல்போன் மறுபடி அடித்தது. திரையில் அவன் பெயர். இந்தத் தடவை அவள் எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தபோது ஆட்டோ ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தது.

வாசலில் இருந்த பெண் காவலர் இரண்டு பேரின் கோலத்தையும் பார்த்து எழுந்துவிட்டார். "என்னம்மா இது? யாருக்கு அடி?"

"எங்களுக்கும்தான், அவனுக்கும்தான்" என்றாள் வள்ளிக்கண்ணு. மகளின் நல்ல கையைப் பிடித்துப் படி ஏற்றினாள். "பட்டதையும் சொல்லணும், அடிச்சதையும் சொல்லணும். எங்க உக்காரணும், சொல்லுங்க."