கதவருகே ஒரு பெரியவர்

நூற்று நாற்பத்திரண்டு கிலோ அபூ துவைஜ் ஹஜ்ஜுக்குப் போக ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. தன் காலால் நடப்பார் என்று குவைத் மருத்துவமனையில் எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால் சக்கர நாற்காலி. தள்ளப்போகிறவன் மச்சான் பர்ராக். தள்ளுவதோடு விடுவானா? ஆயுளுக்கும் ஆண்கள் கூடி அரட்டையடிக்கும் திவானியா திவானியாக உட்கார்ந்து அதைச் சொல்லிச் சிரிப்பான்.

டாக்டர் அனூத் அவர் கண்ணில், இல்லாததை இருப்பதுபோல் காட்டும் மெய்நிகர்க் கண்ணாடி ஒன்றை மாட்டினாள். அதே அறை, அதே நாற்காலி. நடுவில் மட்டும் இல்லாத கதவொன்று முளைத்திருந்தது. அருகே வெண்தாடிப் பெரியவர் ஒருவர் உள்ளே கைகாட்டி நின்றார்.

"எழுந்து அந்தக் கதவு வழியா போங்க மாமா. நீங்க அசையறத மிஷின் அளந்துக்கும்."

அபூ துவைஜ் முக்கி எழுந்து கதவுவரை போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

"வாங்க," என்றார் பெரியவர்.

"நீங்க முதல்ல போங்க."

"வாங்க."

"ஐயோ, உங்க தாடிக்கு முன்னால நான் நுழைஞ்சா எங்கப்பா கனவுல வந்து உதைப்பாரு!"

"வாங்க."

இப்படியொரு பிடிவாதக்காரரை அவர் பார்த்ததே இல்லை. நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். பின்வாங்கினார். மறுபக்கம் சுற்றிப்போய்க் கெஞ்சினார். முதுகில் கைகொடுத்துத் தள்ளப் பார்த்து, காற்றில் தடுமாறி, அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

"அது பொம்மை மச்சான்!" ஓரமாக நின்று திரையில் பார்த்துக்கொண்டிருந்த பர்ராக் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பொம்மைன்னா வயசு போயிடுமாடா? வாய மூடு!"

இருபத்து மூன்று நிமிடம் கழித்து டாக்டர் இயந்திரத்தை நிறுத்தினாள். திரையில் எழுத்து வந்தது: 'கதவைக் கடக்கவில்லை. நடக்க இயலாதவர்.'

பர்ராக் அப்போதே நாற்காலிக் கடைக்கு போன் போட்டான். அபூ துவைஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் கணக்கைக் கீழே தள்ளிப் பார்த்தாள். "இருங்க. நானூத்தி பன்னண்டு அடி நடந்திருக்காரு. அறுபத்தோரு தடவ குனிஞ்சு நிமிந்திருக்காரு. ஒரு தடவகூட உக்காரல. இவரயா நடக்கமாட்டாருன்னு எழுதறது?" கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி அறையெங்கும் தேடினார்.

"அந்தப் பெரியவர் எங்கம்மா?"

"போயிட்டாரு மாமா."

"எனக்கு முன்னாடியா?"

டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "முன்னாடிதான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று தொப்பென்று உட்கார்ந்தார். "பாத்தியாடா பர்ராக், ஜெயிச்சிட்டேன்!"