கோடை கிடைத்த தம்பி

மாமா செத்தபோது அவருடைய பச்சை நிற இரண்டு சீட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அக்கா பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக வந்தது. மூத்தவர் நோர்மான் பங்கு பிரித்தார்: கோடை தனக்கு, குளிர்காலம் தம்பி கயேத்தானுக்கு. கனடாவின் ரிமூஸ்கியில் குளிர்காலம் என்றால், பனிக்குப் பயந்து அந்தக் கார் காரேஜில் துணி போர்த்திக் கிடக்கும் காலம். "மாசக் கணக்குப் பாத்தா உனக்குத்தான்டா கூட" என்று நியாயம் வேறு பேசினார்.

அன்றிலிருந்து ஒவ்வோர் அக்டோபரிலும் புழுதியும் பூச்சியுமாகக் கார் வந்து சேரும். கயேத்தான் புலம்பிக்கொண்டே கழுவித் துடைப்பார். ஆயில் மாற்றுவார், டேங்க்கை நிரப்பிப் பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து ஊற்றுவார், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோவார். எலி நுழையாமல் சைலன்சர் வாயில் இரும்பு நாரைத் திணிப்பார். "ஓட்டுறது அவன், குளிப்பாட்டுறது நானா?" என்று மனைவி உகெத்திடம் பொருமாத வருஷம் கிடையாது.

இந்த முறை காரிலிருந்து இறங்கவே நோர்மானுக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"முதுகு போச்சுடா. இவ்வளவு தாழ்ந்த சீட்டுல இனிமே உக்காரக் கூடாதாம். வர்ற கோடைக்கு நீயே ஓட்டிக்கோ."

"நெசமாவா அண்ணே?"

"பொய் சொல்ல எனக்கென்ன, இடுப்பு வலிக்கிறது போதாதா?"

அந்தக் குளிர்காலம் முழுக்க உகெத் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு காஸ்பே கடற்கரையோரமாகப் போகத் திட்டம் போட்டாள்.

மே மாதம் கயேத்தான் வண்டியை வெளியே எடுத்தார். பாலம் வரை போனார். அடியில் ஒரு சிறு கல் 'டங்'கென்று தெறித்தது. அப்படியே திருப்பிவிட்டார். சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் நின்ற உகெத்திடம், "பனி உருகப் போட்ட உப்பு ரோட்டுல இன்னும் கெடக்கு, துரு ஏறிடும்" என்றார்.

ஜூனில் மழை வரும்போலிருந்தது. ஜூலையில் தூசி.

"ஆகஸ்ட்ல என்னங்க? காத்தா?"

"கடற்பறவைங்க. அதுங்க எச்சம் பெயின்டை அரிச்சிடும்."

மறுநாள் காலை கயேத்தான் எழுந்தபோது காரேஜில் மூடித் துணி மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பதறிப்போய் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"என் பொண்டாட்டியும் கூடத்தான் போயிருக்கா. கோடை உனக்குன்னுதானே குடுத்தேன், நீ என்னடா பண்ணே?" என்று நோர்மான் முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தார்.

வாரக் கடைசியில் கார் வந்து நின்றது. வெயிலில் மூக்கு சிவந்து, தலைமுடி பறந்து, பத்து வயது குறைந்தவளாக உகெத் இறங்கினாள். கயேத்தான் வாளியும் துணியுமாகத் தயாராக நின்றார். கடல் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. குனிந்து சக்கரங்களைப் பார்த்தார்.

"சரளை ரோட்டுலயா போனே?"

"ஆமா," என்றாள். "அதுதாங்க நல்ல ரோடு."